சத்தமே போடாத பக்கவாதம்

விழுப்புரம் பக்கம் யாருக்காவது கை கால் இழுத்துக்கிட்டா, முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. நான் இன்னைக்குச் சொல்லப்போற பக்கவாதம் அங்கே வந்து சேர்றதே இல்ல. மூளையில சின்ன ரத்தக்குழாய் அடைச்சு, கொஞ்சூண்டு இடம் செத்துப்போகும். ஆளு வழக்கம்போல வேலைக்குப் போவாரு. எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 60 வயசு தாண்டினவங்களை வருஷக்கணக்கா கவனிச்சு 2003-ல வெளியிட்ட ஆய்வில், இந்தத் தழும்பு இருந்தவங்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல.

பெருந்தமனி ரப்பர் மாதிரி விரிஞ்சு ஒவ்வொரு துடிப்பையும் தாங்கிக்கணும். வயசு, சிகரெட், பிபி எல்லாம் சேர்ந்து அதை விறைப்பாக்கிட்டா, அந்த வேகம் நேரா மூளையோட மெல்லிய குழாய்கள்ல போய் மோதுது. பிபி சீட்டுல மேல் எண்ணுலேர்ந்து கீழ் எண்ணைக் கழிச்சுப் பாருங்க. 120/80-ன்னா 40. வீட்டுப் பெரியவங்களுக்கு எப்பவும் 60-க்கு மேல வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. “நல்லாத்தானே இருக்கேன்”பாங்க. விடாம அழைச்சுட்டுப் போங்க. அப்படியே உங்க பிபியையும் பாத்துட்டு வாங்க.