முகநூலில் யாருடைய முகம்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அரபு எழுச்சியில் சமூக ஊடகங்களின் பங்கு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். 2011இல் நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். ஜனவரி 14 அன்று துனிசியாவின் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். பிப்ரவரி 11 அன்று எகிப்தின் முபாரக் பதவி விலகினார். பத்திரிகைகள் அதற்கு ‘முகநூல் புரட்சி’ என்று பெயர் வைத்தன. ‘முகநூலாவது ஒன்றாவது, மக்கள்தான் செய்தார்கள்’ என்று இன்னொரு தரப்பு எழுதியது. அந்தப் பட்டிமன்றத்தில் நான் இறங்கப் போவதில்லை. சாதியைப் பற்றி ஆய்வு செய்கிறவள் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அந்த முகநூலில் யாருடைய முகம் இடம்பெற்றது, யாருடைய முகம் இடம்பெறவில்லை?

கலீத் சயீதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த 28 வயது இளைஞர். 2010 ஜூன் 6 அன்று இணைய மையம் ஒன்றில் இருந்தவரை போலீசார் இருவர் பிடித்து அடித்தே கொன்றார்கள். பிணவறையில் எடுத்த சிதைந்த முகமும், உயிரோடிருந்தபோது எடுத்த முகமும் அருகருகே முகநூலில் பரவின. துபாயில் கூகுள் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த வாஎல் கொனிம், தன் பெயரை வெளியிடாமல் ‘நாம் எல்லோரும் கலீத் சயீத்’ என்ற பக்கத்தைத் தொடங்கினார். லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். 2011 ஜனவரி 25 போராட்ட அழைப்பைக் கொண்டுசேர்த்ததில் அந்தப் பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இதை யாரும் மறுக்க முடியாது.

இமாத் அல் கபீரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் ஒரு மினிபஸ் ஓட்டுநர். 2006 ஜனவரியில், தன் உறவினரோடு தகராறு செய்துகொண்டிருந்த போலீசாரிடம் குறுக்கே பேசியதற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கெய்ரோவை ஒட்டிய புலாக் அல் தக்ரூர் காவல் நிலையத்தில் வைத்து அவரைப் பாலியல் வதை செய்தார்கள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்தவர்களும் போலீசார்தான். வட்டாரத்து ஓட்டுநர்களுக்கு அந்தப் படத்தை அனுப்பியதும் அவர்கள்தான். அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும், பார்க்கிறவர்கள் அடங்கிக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நமக்கு இது புதிதில்லை. 2016இல் ஊனாவில் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்களும் தாங்களே படம் எடுத்துப் பரப்பினார்கள். அடிக்கிறவனே படமும் எடுக்கிறான் என்றால் தன்னை எந்தச் சட்டமும் தொடாது என்று அவன் நம்புகிறான்.

அந்தக் காணொளி வாஎல் அப்பாஸ் போன்ற வலைப்பதிவர்கள் கைக்கு வந்தபோது கதை தலைகீழானது. அவமானப்படுத்த எடுத்த படமே சாட்சியாயிற்று. 2007 நவம்பரில் போலீசார் இருவருக்கு 3 ஆண்டுச் சிறை கிடைத்தது. எகிப்தில் அது அபூர்வம். ஆனால் அதற்குப் பல மாதங்கள் முன்பே, அதிகாரிகளைத் தடுத்தார் என்று இமாதுக்கு 3 மாதச் சிறை கொடுத்துவிட்டார்கள்! அந்த நவம்பரிலேயே யூடியூப் நிறுவனம் வாஎல் அப்பாஸின் கணக்கை முடக்கியது. அவர் போட்டவை வன்முறைக் காட்சிகளாம். கண்டனம் எழுந்த பிறகு திருப்பிக் கொடுத்தது.

‘நாம் எல்லோரும் இமாத்’ என்று லட்சம் பேர் சேர்ந்த பக்கம் எதுவும் வரவில்லை. 2006இல் எகிப்தில் முகநூல் பரவியிருக்கவில்லை என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கலீத் கணினி தெரிந்த, நகரத்து நடுத்தர வீட்டுப் பையன். அவர் படத்தைப் பார்த்தவர்கள் ‘நாளை என் தம்பிக்கும் இது நடக்கும்’ என்று பயந்தார்கள். ஓட்டுநருக்காகப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. ‘அவன்தான் நான்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

துனிசியாவிலும் இதைப் பார்க்கலாம். 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூஸித் ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅஸீஸி தீக்குளித்தார். அன்றே உறவினர்களும் ஊர்க்காரர்களும் திரண்டார்கள். அந்தக் காணொளி முகநூலில் ஏறி, அல் ஜசீரா வழியாக நாடெங்கும் போனது. அதோடு சேர்ந்து ஒரு பொய்யும் போனது: அவர் வேலை கிடைக்காத பட்டதாரி என்று. அவர் பள்ளிப் படிப்பையே முடித்தவரில்லை. தள்ளுவண்டிக்காரர் எரிந்து சாவது போதாதா? அவருக்காக அழுவதற்கும் பட்டம் வேண்டியிருந்தது. அதே நாட்டில் 2008இல் கஃப்ஸா பகுதிச் சுரங்க ஊர்களில், ரெதேயஃபில், வேலையற்றோரும் தொழிலாளர் குடும்பங்களும் ஆறு மாதம் போராடினார்கள். அது தலைநகரைக் கூட உலுக்கவில்லை.

எகிப்துக்கே திரும்புகிறேன். மஹல்லா அல் குப்ராவில் 20,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்த அரசு நூற்பாலை இருக்கிறது. 2006 டிசம்பரில் அங்கே முதலில் வேலையை நிறுத்தி வெளியே வந்தவர்கள் பெண்கள். அந்தத் தொழிலாளர்கள் 2008 ஏப்ரல் 6 அன்று வேலைநிறுத்தம் அறிவித்தபோதுதான், ஆதரவாக இளைஞர்கள் முகநூல் குழு தொடங்கினார்கள். 70,000 பேர் சேர்ந்தார்கள். ஆலையை போலீஸ் ஆக்கிரமித்து வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. ஆனால் ஊர் கொந்தளித்தது, முபாரக்கின் படம் கிழிந்தது, உயிர்கள் போயின. மறு ஆண்டு அதே நாளில் அதே இளைஞர்கள் மீண்டும் அழைத்தார்கள். மஹல்லாவில் அப்போது வேலைநிறுத்தம் இல்லை. வந்தவர்கள் சொற்பம். குழுவின் பெயர் மட்டும் ‘ஏப்ரல் 6 இயக்கம்’ என்று உலகப் புகழ் பெற்றது. அந்தத் தேதி யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு.

ஜனவரி 25க்கு வருவோம். அமைப்பாளர்கள் ஊர்வலம் தொடங்கும் இடங்களாக 20 இடங்களை இணையத்தில் அறிவித்தார்கள். போலீஸ் அங்கெல்லாம் போய் நின்றது. 21ஆவது இடத்தை எங்கும் எழுதவில்லை. அது நெருக்கமான சந்துகள் கொண்ட ஓர் உழைக்கும் மக்கள் குடியிருப்பு. அங்கிருந்து கிளம்பிய கூட்டம் சந்து சந்தாகப் பெருகி தஹ்ரீர் சதுக்கத்தை எட்டியது. அந்த இடம் புலாக் அல் தக்ரூர். ஆமாம், இமாதை வதைத்த காவல் நிலையத்தின் பகுதிதான். மூன்று நாள் கழித்து அரசு இணையத்தையே துண்டித்தது. அந்த ஜனவரி 28 அன்றுதான் அதுவரை காணாத கூட்டம் தெருவுக்கு வந்தது.

பிறகு வந்த அரசுகள் பாடம் கற்றுக்கொண்டன. 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் கணக்குகளைப் பத்திரிகை போலக் கருதிக் கட்டுப்படுத்த 2018இல் எகிப்து சட்டம் போட்டது. 2020இல் டிக்டாக்கில் ஆடிப் பாடிய இளம்பெண்களை ‘குடும்ப விழுமியங்களை மீறினார்கள்’ என்று கைது செய்தார்கள். பணக்கார விடுதிகளின் கடற்கரையில் எந்தப் பெண் எப்படி ஆடினாலும் இந்த விழுமியம் விழித்துக்கொள்வதில்லை.

கடைசியாக, நம் கூட்டத்துக்கு மிக நெருக்கமான ஒன்று. துனிசியாவில் அடிமை முறை 1846இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் தெற்கில் பல கறுப்பினக் குடும்பங்களின் பெயரில் ‘அதீக்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னாரால் விடுவிக்கப்பட்டவர் என்று பொருள். பாட்டனை வைத்திருந்த எசமானின் பெயரைப் பேரனின் பிறப்புச் சான்றிதழ் சுமக்கிறது! தெருவில் அவர்களை ‘அடிமை’ என்று பொருள்படும் சொல்லால் கூப்பிடுவதும் சாதாரணம். பென் அலி காலத்தில், இப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான் அரசின் நிலை. 2011க்குப் பிறகு கறுப்பினத் துனிசியர்கள் சங்கம் அமைத்தார்கள், இணையத்திலும் தெருவிலும் பேசினார்கள். 2018 அக்டோபரில் இனப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 2020இல் 81 வயது முதியவர் ஒருவர் தன் பெயரிலிருந்து ‘அதீக்’ என்பதை நீக்க நீதிமன்றம் அனுமதித்தது. அரபு எழுச்சி பற்றிய புத்தகங்களின் அட்டையில் இந்த முதியவரின் படத்தை நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் இதுவும் அந்த எழுச்சியின் விளைச்சல்தான்.

2023 பிப்ரவரி 21 அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களை வைத்து நாட்டின் மக்கள்தொகையை மாற்றச் சதி நடப்பதாக அதிபர் கைஸ் சயீத் பேசினார். அதற்கு முன்பே அதே பேச்சு சமூக ஊடகங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். பிறந்து வளர்ந்த கறுப்பினத் துனிசியர்களும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அப்போது அவர்கள் தங்கள் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து, ‘எதற்கும் இருக்கட்டும் என்று ஆவணத்தோடுதான் நடமாடுகிறேன்’ என்ற பொருளில் எழுதிப் போட்டார்கள். 2018 சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய ஸாதியா மொஸ்பா 2024 மே மாதம் கைது செய்யப்பட்டார்.

என் நேரம் முடிந்தது. கடவுச்சீட்டோடு எடுத்த அந்தப் படங்களில் சிலவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன். அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.