மஞ்சக் கடுதாசி வந்தா கோர்ட்டுக்குப் போங்க

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், முன்னாள் ஊக்குநரும் இப்போது சட்டத் தன்னார்வலராக இருப்பவருமான சகோதரி பேசியது. அவர் பேசிய நடையிலேயே தந்துள்ளோம்.)



போன மாசம் ஒரு குழுவோட பிரதிநிதி என்கிட்ட ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தாங்க. கோர்ட் முத்திரை போட்ட நோட்டீஸ். "அக்கா, அந்த ஆளு மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு. இனிமே காசு வராது. இதைக் கிழிச்சுப் போட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க. நான் தேதியைப் பார்த்தேன். வாய்தாவுக்கு இன்னும் 9 நாள் இருந்தது. கிழிச்சிருந்தா அவங்க குடுத்த 45 ஆயிரத்துக்கும் அன்னிக்கே கருமாதி.

நம்ம ஊர்ல மஞ்சக் கடுதாசின்னாலே கடன் முடிஞ்சுபோச்சுன்னு ஒரு நினைப்பு இருக்கு. அது தப்பு. கடன் வாங்கினவர், "என்னால கட்ட முடியல, என்னை நொடிச்சவன்னு அறிவிங்க"ன்னு கோர்ட்ல மனு போட்டிருக்கார். அதுக்குப் பேரு ஐ.பி. மனு. உங்களுக்கு வர்ற நோட்டீஸ், அந்த மனு விசாரணைக்கு வருது, நீங்க வந்து சொல்றதைச் சொல்லுங்கன்னு கூப்பிடற கடுதாசி. அவர் கேட்டிருக்கார், அவ்வளவுதான். கோர்ட் இன்னும் குடுக்கல. கேட்டதுக்கும் குடுத்ததுக்கும் நடுவுல நாம பேச வேண்டிய இடம் இருக்கு. அந்த இடத்துல நாம இல்லைன்னா அவர் சொன்னதுதான் கணக்கு.

என் கதையையே சொல்றேன். 2012-ல எங்க ஊர்ல மளிகைக் கடை வெச்சிருந்த ஒருத்தருக்கு நானும் இன்னும் 5 பெண்களும் புரோநோட்டு எழுதி வாங்கிட்டுக் கடன் குடுத்தோம். நான் குடுத்தது 60 ஆயிரம். ஆடு வித்த காசும் குழுவுல வாங்கின கடனும் சேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில கடை பூட்டிடுச்சு. தை மாசம் 6 பேருக்கும் நோட்டீஸ் வந்துச்சு. ரெண்டு பேர் கூரையில செருகி வெச்சுட்டாங்க. ஒருத்தி பயந்துகிட்டு அமீனாகிட்ட வாங்கவே மாட்டேன்னுட்டா. நான் மட்டும் என்ன பெரிய தைரியசாலியா? குழுக் கடனுக்குத் தவணை கட்டணுமே, அந்தப் பயத்துல கிளம்பிப் போனேன்.

முதல்ல தப்பான கோர்ட்டுக்குப் போய் நின்னேன். எங்க தாலுகாவுல இருக்கற முன்சீப் கோர்ட்டுக்குப் போனா, "இங்க இல்லம்மா"ன்னாங்க. ஐ.பி. மனுவை மாவட்ட நீதிமன்றமோ, அதுக்கு அதிகாரம் குடுத்த சார்பு நீதிமன்றமோதான் விசாரிக்கும். அதுவும் கடன்பட்டவர் குடியிருக்கற, இல்லைன்னா தொழில் பண்ற ஊர் எந்தக் கோர்ட்டோட எல்லையில வருதோ அங்கதான். நீங்க இருக்கற ஊரை வெச்சு இல்ல. சென்னைக்கு மட்டும் தனிச் சட்டம், அங்க உயர் நீதிமன்றம். நோட்டீஸோட மேல்பக்கத்துலயே கோர்ட் பேரு, ஐ.பி. நம்பர், வருஷம் மூணும் இருக்கும். நான் அதைப் படிக்காமப் போய் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் தொலைச்சேன். நீங்க அந்த மூணையும் முதல்ல நோட்டுல எழுதிக்கங்க.

சரியான கோர்ட்டுக்குப் போனதும் ஒரு வக்கீல் குமாஸ்தா கட்டைப் பார்வையிட மனு எழுதிக் குடுத்தார். மனுவுல நம்ம பேரு எதிர்மனுதாரரா இருக்கும். அதனால நாம அந்த வழக்குல ஒரு தரப்பு. கட்டைப் பார்க்கறதும் நகல் வாங்கறதும் நம்ம உரிமை, யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல. கட்டுல ரெண்டு விஷயம் பார்க்கணும்: கடன்காரங்க பட்டியல், சொத்து விவரம். ரெண்டையும் மனு போடறவர் எழுதிக் குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லுது.

பட்டியல்ல என் பேருக்கு நேரா 20 ஆயிரம்னு இருந்தது. குடுத்தது 60! அவரோட மச்சானுக்கு 4 லட்சம், சித்தப்பாவுக்கு 3 லட்சம்னு எழுதியிருந்தார். அந்தச் சித்தப்பா எங்ககிட்ட வந்து டீக்குக் காசு கேக்கறவர். சொத்துப் பக்கத்துல ஒரு பழைய சைக்கிளும் தராசும். வீடு எங்கே? சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். மனு போடறதுக்கு 4 மாசம் முன்னாடி சம்சாரம் பேருக்குத் தானமா எழுதியிருந்தார். (இப்ப வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல காசில்லாமப் பார்க்கலாம். அப்ப நான் வரிசையில நின்னேன்.)

சட்டத்துல இதுக்கு வழி இருக்கு. காசு வாங்காம ஒருத்தருக்குச் சொத்தை எழுதி வெச்சுட்டு, ரெண்டு வருஷத்துக்குள்ள ஐ.பி. மனு போட்டு, நொடிச்சவர்னு உத்தரவும் ஆயிட்டா, அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணக் கேக்கலாம். கோர்ட் நியமிக்கற ரிசீவர் இதைக் கேப்பார். அவருக்கு யார் சொல்றது? கட்டைப் படிச்ச நாமதான் சொல்லணும்.

நகல் வாங்கறதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இங்கதான் நம்ம பெண்கள் ஏமாறறாங்க. நகல் மனுவுல கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நகல் பிரிவுல குடுக்கணும். குடுத்ததுக்கு நம்பர் வாங்கிக்கணும். வேலை அதோட முடியாது. எவ்வளவு கட்டணம்னு கணக்குப் போட்டு நோட்டீஸ் போர்டுல பட்டியல் ஒட்டுவாங்க. உங்க நம்பர் வந்திருக்கான்னு போய்ப் பார்த்து, குறிச்ச நாளுக்குள்ள கட்டணும். கட்டலைன்னா மனுவைத் தள்ளிடுவாங்க, மறுபடி முதல்ல இருந்து. எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. வாங்கின நகலோட கடைசிப் பக்கத்துல மனு குடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைத் தொலைச்சுடாதீங்க. சார்பு நீதிமன்ற உத்தரவு மேல மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள்தான் கெடு. நகலுக்காகக் காத்திருந்த நாளை அதுல கழிச்சுக் குடுப்பாங்க. அதுக்கு அந்தப் பக்கம்தான் சாட்சி.

"நான் வாங்கித் தரேன், ரெண்டாயிரம் குடு"ன்னு வாசல்ல நிக்கறவங்களை நம்பாதீங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்கலாமான்னு படிச்ச பிள்ளைங்க கேப்பாங்க. கோர்ட் கட்டோட நகலுக்கு அது செல்லாது, கோர்ட் விதிப்படிதான் வாங்கணும்னு 2020 மார்ச்சுல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

இப்ப வழக்கு நிலவரத்தைப் போன்லயே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ்னு அரசாங்க இணையதளமும் ஆப்பும் இருக்கு. காசு கிடையாது. மாவட்டம், கோர்ட் தேர்ந்தெடுத்து, வழக்கு நம்பரைப் போட்டா அடுத்த வாய்தா தெரியும். நம்பர் தெரியலைன்னா பேரும் வருஷமும் போட்டுத் தேடலாம். பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதியிருப்பாங்கன்னு தெரியாது, அதனால எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். நம்பர் உண்டு. அது கிடைச்சுட்டா அப்புறம் தேடவே வேண்டாம். ஆனா இதுல வராத பழைய வழக்கும் இருக்கலாம். போன்ல இல்லைன்னா வழக்கே இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, நேர்ல போய் விசாரிங்க.

வழக்குல நம்ம பேரு இல்லாட்டியும், ஒருத்தருக்குக் கடன் குடுக்கறதுக்கு முன்னாடி, இல்ல நிலம் வாங்கறதுக்கு முன்னாடி இப்படித் தேடிப் பார்க்கலாம். நகல் வேணும்னா மட்டும், எதுக்குன்னு காரணம் சொல்லி உறுதிமொழிப் பத்திரத்தோட மனு போடணும். நீதிபதி அனுமதிச்சாக் கிடைக்கும்.

என் வழக்குக்கு வர்றேன். நோட்டீஸைக் கையில வெச்சுகிட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் குடுக்கணும்கறது 1987-ஆம் வருஷச் சட்டம். 15100-ன்னு போன் பண்ணினாலும் வழி சொல்வாங்க. கோர்ட் அவரை நொடிச்சவர்னு அறிவிச்சது. நாங்க 3 பேர் புரோநோட்டை வெச்சு, எங்க கடன் இவ்வளவுன்னு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் பண்ணினோம். சித்தப்பாவால எந்த ஆதாரமும் காட்ட முடியல. வீட்டுப் பத்திரம் ரத்தாகி ரிசீவர் ஏலம் விட்டார். 2018-ல ரூபாய்க்கு 38 பைசா வந்துச்சு. 60 ஆயிரத்துக்கு 22,800. முழுசா வரல. அலைஞ்சதுக்கு இதுதானான்னு வீட்டுக்காரர் கேட்டார். இருந்தாலும் குழுக் கடனோட கடைசித் தவணையை அந்தக் காசுலதான் கட்டினேன். கூரையில செருகினவங்களும் நோட்டீஸை வாங்காதவளும் பங்கு குடுத்து, அவருக்குக் கடன் விடுதலை உத்தரவும் ஆன பிறகு வந்தாங்க. அதுக்கு முன்னாடி எப்ப வந்து கடனை நிரூபிச்சிருந்தாலும் பட்டியல்ல சேர்த்திருக்கலாம்.

நிஜமாவே நொடிஞ்சவங்களை நான் குறை சொல்லல. அவங்களுக்காக வந்த சட்டம்தான் இது, 1920-ல வந்தது. 2016-ல புதுச் சட்டம் வந்தாலும், அதுல நம்மை மாதிரி சாதாரண ஆளுங்களுக்கான பகுதியை நடைமுறைக்குக் கொண்டு வரல. மாடு செத்து, மழை பொய்ச்சுக் கடன்ல விழுந்தவரைத் தெருவுல நிறுத்திக் கேக்கறது நமக்கு அழகில்ல. கட்டைப் படிச்சா யார் எப்படின்னு தெரிஞ்சுடும்.

முடிஞ்சதும் ஒரு தங்கச்சி கேட்டா: "நான் ஜாமீன் கையெழுத்துதான் போட்டேன். அவரு ஐ.பி. குடுத்துட்டா எனக்கும் விடுதலைதானே?" இல்லம்மா. அவருக்கு விடுதலை கிடைச்சாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது, சட்டத்துலயே அப்படி எழுதியிருக்கு. சேர்ந்து கடன் வாங்கினவங்களுக்கும் அதேதான். குழுவுல ஒருத்தி ஐ.பி. குடுத்தா மத்தவங்க பொறுப்பு அப்படியேதான் நிக்கும். ஜாமீன் போட்டவங்களுக்கும் அந்தக் கட்டுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

பழைய நோட்டீஸ் யார் வீட்டுல இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. கணக்காளர் தங்கச்சி போன்ல போட்டு நிலவரம் பார்த்துடலாம்.