பழவேற்காட்டில் கயாக் இறக்கலாமா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். கேட்டவர்கள் விரும்பியதால் இந்தக் காலாண்டிதழில் இடம்பெறுகிறது.)



தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றிய கூட்டத்துக்குக்கூட இவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. மீன் என்றதும் வந்திருக்கிறீர்கள். நல்லது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். 'பி' பிளாக்கில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, காற்றடைத்து மிதக்கவிடுகிற கயாக் இரண்டு வாங்கியிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பழவேற்காடு ஏரிக்குப் போய், ஒரு மத்தியானம் முழுக்கத் துடுப்பு வலித்துத் தூண்டில் போடுவதாகத் திட்டம். "சார், நீங்கள் பல வருஷமாகத் தூண்டில் போடுகிறவர், எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். எப்படி என்பதையும் சொல்கிறேன். அங்கே ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாமல் முழுதாகக் கேளுங்கள்.

கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்கள் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. ஆனால் இன்று தூண்டில்காரர்கள் மேலே உட்கார்ந்து போகும் கயாக்கைப் பார்த்தால் எனக்கு நம் கட்டுமரம்தான் ஞாபகத்துக்கு வரும். கட்டுமரத்தில் ஏறும் தண்ணீர் மரங்களுக்கு நடுவே இறங்கிவிடும். பிளாஸ்டிக் கயாக்கின் தட்டிலும் அதற்காகவே ஓட்டைகள் விட்டிருப்பார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்து ஏறிக்கொள்ளலாம். பிடித்து ஏறத் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது உதவும்.

எங்கள் உறவினர் ஒருவர் பொன்னேரிப் பக்கம் ஓர் ஏரியை மீன்பாசி குத்தகைக்கு எடுத்திருந்தார். ஊருக்கு ஊர் இருக்கிற ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமையைப் பெரும்பாலும் ஏலம் விட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சும்மா கிடக்கிற குட்டை என்று நாம் நினைப்பதற்கும் ஒரு குத்தகைக்காரர் இருப்பார், அவரைக் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. அங்கே கயாக்கில் கழித்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்தமானவை. மூன்று மணிக்கு மேல், வெயில் சாயும்போது இறங்குவோம். மோட்டார் சத்தம் கிடையாது. அல்லிக்கொடி ஓரமாக மெதுவாகப் போனால், விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போவது காதிலேயே கேட்கும். அது தண்ணீருக்குள் மட்டும் மூச்சுவிட்டு வாழ முடியாத மீன். மேலே வந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரப்பர் தவளையைப் போட்டுத் துள்ளவிட்டு இழுக்க வேண்டும். பக்கத்தில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல் தெரிந்தால் தூண்டிலை எடுத்துவிடுங்கள். தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைக் கண்டாலும் பாய்ந்து கவ்வும், அதைப் பிடிப்பதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடற்கரைப் பக்கத்தில் பகல் ஏற ஏறக் கடற்காற்று எழும். கயாக் எடை குறைவு, அதிலும் காற்றடைத்தது என்றால் அரச இலை மாதிரி. காற்றோடு போகும்போது நம் பலத்தால் போகிறோம் என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும். அதனால் முதலில் காற்றுக்கு எதிராகப் போக வேண்டும், களைத்த பிறகு காற்று நம்மைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

இப்போது பழவேற்காட்டுக்கு வருகிறேன். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகக் கிடப்பதுதான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. ஏரி பரந்திருக்கும் அளவுக்கு ஆழம் கிடையாது. பல இடத்தில் இடுப்பளவு, அதற்கும் குறைவு. "அப்படியென்றால் பயமில்லையே" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். இடுப்பளவு தண்ணீருக்கு அடியில் முழங்கால் அளவு சேறு இருக்கும். சேற்றில் மாட்டிய காலை இழுத்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள். சில இடங்களில் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாறையாக வளர்ந்திருக்கும், ஓரம் கத்தி மாதிரி. காற்றடைத்த கயாக் அதில் உரசினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உண்மையான ஆபத்து முகத்துவாரத்தில். மழைக்காலம் முடிந்ததும் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவந்து நிரப்பிய தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்கு இறங்க வேண்டும். வற்றம் நேரத்தில் இழுப்பு இன்னும் கூடும். வெளியே போகும் நீரும் உள்ளே வரும் அலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை உடையும். பொங்கல் நேரம் என்பது சரியாக அந்தக் காலத்தை ஒட்டியதுதான்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், பழவேற்காட்டுக்கு உல்லாசமாகப் போன உறவினர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தாங்கும் அளவுக்கு மேல் ஆள், யாருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லை. நம்மில் சிலர் அப்போது தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அதன் பிறகுதான் சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை படகுக்குத்தான், கயாக்குக்கு இல்லை என்று வாதம் செய்வதில் அர்த்தமில்லை. தவிர, 1980இலிருந்து அது பறவைகள் சரணாலயம். வனத்துறையைக் கேட்காமல் எதையும் இறக்கக் கூடாது. பூநாரைகள் வந்திருக்கும் காலமும் அதுதான். சத்தமில்லாமல் கிட்டே போகிறோம் என்று நாம் நினைப்போம், அவை இரையை விட்டுவிட்டு மொத்தமாக எழுந்து பறக்கும்.

இதெல்லாம் பாதுகாப்பு, சட்டம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் தண்ணீர் யாருடையது?

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. பாடு என்றால் ஒருவர் வலை போடும் இடமும் முறையும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலதான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான். அதனால் ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று சுற்றிவிடுவார்கள். நல்ல இடம் எல்லாருக்கும் கிடைக்கும், மட்டமான இடமும் எல்லாருக்கும் வரும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போல் சீட்டுப் போட்டுக் கட்டுவலை கட்டுகிறார்கள், அங்கே அரசு விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குக் குலுக்கல் போட்டு மூன்று மாதம் சண்டை நடந்ததை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்!

குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. பாட்டில் பங்கு பட்டினவர் சமூகத்து ஆண்களுக்கு மட்டும்தான். இருளர்களுக்கு இல்லை. அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். இப்போது யோசியுங்கள். மூன்று முள் கொக்கியோடு நம் நரம்பு அறுந்து அந்தச் சேற்றில் கிடந்தால், அதில் மாட்டப்போவது அந்தக் கைகள்தான்.

இறாலின் கதையும் இதில் சேர்த்தி. அது முட்டையிடுவது கடலில். பொடிக் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து, வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில்தான் பாட்டு வலை காத்திருக்கும். மணல் சேர்ந்து வாய் அடைபட்டால் குஞ்சும் வராது, பிழைப்பும் இருக்காது. அதனால்தான் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று அந்த மக்கள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு வலைக்காரரின் முறை நாளில், நம் கயாக் குறுக்கே போய் நின்றால் அவர் இழப்பது அந்த முறையை. அடுத்த முறை வரை அவர் காத்திருக்க வேண்டும். நமக்கு அது ஒரு போட்டோ.

சரி, என்ன செய்யலாம்? என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டுக்குப் போவோம், கயாக் இல்லாமல். காலையிலேயே போனால் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். மடவை, கிழங்கான், களி நண்டு எல்லாம் அங்கேயே வாங்கலாம், பேரம் கொஞ்சம் குறைத்துப் பேசுங்கள். கொடுவா வாங்கினால் மிகப் பெரியதைக் கேட்காதீர்கள். அந்த மீன் ஆணாகப் பருவமெய்தி, வயதான பிறகு பெண்ணாக மாறும். பெரியது என்றால் முட்டையிடும் பெண் மீன். பிள்ளைகளுக்கு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் காட்டலாம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், ரொம்பப் பிடிக்கும். 1613இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த ஊர் அது. கோட்டையை மட்டும் தேடாதீர்கள், மண்மேடும் புதருமாகத்தான் கிடக்கிறது.

கயாக்குக்கு அந்தப் பொன்னேரிப் பக்கத்து ஏரி இருக்கிறது. உறவினரிடம் பேசிவிட்டேன். ஒரு கயாக்குக்கு ஒரு பெரியவர் கட்டாயம். அங்கியை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக் கொக்கி போட்டிருக்க வேண்டும். எல்லார் கழுத்திலும் விசில். கெளுத்தி மாட்டினால் பிள்ளைகள் தொடக் கூடாது. முள் குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி குறையும். பிறகு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அதற்கு முன்னால் எல்லாரும் ஒரு முறை வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிக் காட்ட வேண்டும். அதற்கு நம் நீச்சல் குளம் போதும், தலைவர் சம்மதித்துவிட்டார். வரும் ஞாயிறு காலை 7 மணி. கயாக்கின் அடியை நன்றாகக் கழுவிக் கொண்டுவாருங்கள், குளத்தில் மண் விழுந்தால் பராமரிப்புத் தம்பி என்னைத்தான் கேட்பார். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் காவலர் அறையில் இருக்கும் நோட்டில் எழுதிவிடுங்கள். நீச்சல் தெரியுமா, தெரியாதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.