ப்ளூஸ் தட்டுகள்: பாடியவர்கள், விற்றவர்கள், சேர்த்தவர்கள்



என்னிடம் பதினொரு ப்ளூஸ் இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஆய்வு உதவித்தொகை வந்த மாதங்களில் ஒவ்வொன்றாக வாங்கியவை. எல்லாமே பழைய பதிவுகளை மறுபடி அச்சிட்ட வினைல் தட்டுகள். இன்று நான் பேசப்போவது சேகரிப்பாளர்களைப் பற்றி. அவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேசி ப்ளூஸ்’ வெளிவந்தது. கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று நம்பாத முதலாளிகள், அது விற்ற வேகத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். உடனே ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனிப் பட்டியல் போட்டார்கள். பணம் வேண்டும், ஆனால் பாட்டு தனியாகவே இருக்க வேண்டும். ஊர், சேரி என்று கோடு கிழிப்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பில்போர்டு இதழ் அந்தப் பெயரைக் கைவிட 1949 வரை ஆனது.

அந்தப் பட்டியலில் பெரும்புள்ளியான பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்த கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டி விற்கத் தட்டும் தேவைப்பட்டது, அவ்வளவுதான். சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்றவர்கள் 1930இல் அங்கே போய்ப் பாடினார்கள். அந்தக் கம்பெனியின் மூலத் தகடுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. மிஞ்சியவை கறுப்பின மக்கள் வீடுகளில் இருந்த தட்டுகள்தான்.

பிறகு வெள்ளையினச் சேகரிப்பாளர்கள் தெற்கு மாநிலங்களில் வீடு வீடாகக் கதவு தட்டி, அவற்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். 2013இல் டாமி ஜான்சனின் ஒரே ஒரு தட்டு 37,100 டாலருக்கு ஏலம் போனது. ஜான்சன் 1956லேயே இறந்துவிட்டார். அவர்கள் தேடியிருக்காவிட்டால் பல குரல்கள் நமக்குக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. அதை மறுக்கவில்லை.

ஆனால் அவர்கள் தட்டுகளோடு நிற்கவில்லை, வரலாற்றையும் தீர்மானித்தார்கள். அரிதாகக் கிடைப்பதே உயர்ந்தது என்றார்கள். கிட்டாரோடு தனியே நிற்கும் ஆண் நாயகன் ஆனான். கறுப்பின மக்கள் அன்று அதிகம் வாங்கிக் கேட்ட பெண் பாடகிகள் பின்னுக்குப் போனார்கள். பெஸ்ஸி ஸ்மித்துக்குக் கொலம்பியா நிறுவனம் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி தந்தது, ராயல்டி தரவில்லை. 1937இல் இறந்த அவருடைய கல்லறைக்கு 1970 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லை. அந்தப் பெண்களின் பாட்டை உழைக்கும் கறுப்பினப் பெண்களின் அரசியலாக வாசிக்க, ஏஞ்சலா டேவிஸ் 1998இல் ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய தட்டுகள் வினைல் அல்ல, ஷெல்லாக். அதாவது அரக்கு. உலகத்துக்கு அரக்கு பெருமளவு இந்தியாவிலிருந்தே போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் அதைச் சேகரித்தவர்கள் ஆதிவாசிகள். கறுப்பினப் பெண்ணின் குரலைத் தாங்கிய பொருளில் அவர்கள் உழைப்பும் இருந்தது. அதை எந்தச் சேகரிப்பாளரும் பட்டியலில் எழுதவில்லை.

தட்டு வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை, நானே வாங்குவேன். யார் பாடினார், அவருக்கு என்ன கிடைத்தது, இப்போது உரிமை யாரிடம் என்று கேட்டுவிட்டு வாங்குவோம். நாளை ஒப்பாரி பாடும் பாட்டியின் திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியோடு நம்மில் ஒருவர் உட்காருவார். அவர் பெயரை எழுதுகிறோமா, பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுக்கிறோமா என்ற கேள்வி அன்று நம்மிடம் வரும்.