வீட்டுச் சுவரிலுள்ள ஈயம்



பளபளக்கும் பெயிண்டுக்குள் விஷமிருக்கிறதென்றால் பலர் சிரிப்பார்கள். ஆனால் வீட்டுப் பெயிண்டில் ஈயம் கூடாதென்று அமெரிக்காவில் 1978-லேயே தடை செய்துவிட்டார்கள். ஏனெனில், பழைய பெயிண்டு உரிந்த தூசி, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போய் மூளையைக் கெடுக்கிறது. இவ்வளவு ஈயமானால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது.

அதை நாமே உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது, விஷத்தை வீடு முழுவதும் தூவுவதேயாகும். 1978-க்கு முந்திய வீடுகளில் கூலிக்கு அவ்வேலை செய்யும் கம்பெனி சர்க்கார் சான்று பெற்றிருக்க வேண்டுமென்பது அங்கே 2010 முதல் சட்டம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டின் ஈயத்துக்குக் கடும் வரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகையால் நமது பழைய கதவு ஜன்னல்களுக்கும் இப்பேச்சு பொருந்தும்.

சான்று மட்டும் போதுமா? போதாதென்கிறோம். ஈயம் உண்டென்று சொல்லுபவனே அதை நீக்கக் கூலியும் வாங்கினால், வாதியே நீதிபதியானதற்குச் சமானமல்லவா? சோதிப்பவர் ஒருவர், நீக்குபவர் வேறொருவராக இருக்கட்டும். வேலை முடிந்ததும் தரைத் தூசியைத் துடைத்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவோம். "சுத்தமாகிவிட்டது" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. ருஜு எங்கே என்று கேட்பது அவமரியாதையல்ல. குழந்தைகளுக்கு நாம் செய்யும் கடமையாகும்.