ஒரே பரீட்சை, வெவ்வேறு பாதைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசுகின்ற நேரத்திலே கல்வியின் விலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. புறநானூற்றின் 183 ஆவது பாட்டைப் பாடியவன் ஆரியப் படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய அரசன். ஆசிரியனுக்கு இடர் வந்தால் உதவியும், மிகுந்த பொருள் கொடுத்தும், வெறுப்பின்றிப் பணிந்து நின்றும் கற்பது நல்லது என்பது அவன் கருத்து. உயர்தர வகுப்பில் இப்பாட்டைக் கற்பிக்கும்போது மாணவருக்கு நான் ஒன்றைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். பொருள் கொடுப்பது அங்கே கூறப்பட்ட வழிகளுள் ஒன்று மட்டுமே. பொருளில்லாதவன் உதவி செய்து கற்கலாம். பணிந்து நின்றும் கற்கலாம். இன்றைய கல்விச் சந்தையோ மற்ற வழிகளை அடைத்துவிட்டுப் பொருள் வழியை மட்டும் திறந்து வைத்திருக்கிறது.

நான் பிறந்த ஊர் கிளிவெட்டி. திருகோணமலை மாவட்டத்தின் தென்புறத்தே, மூதூர்ப் பகுதியிலே உள்ள வயலூர். நான் கற்பிப்பது நகரத்தில் உள்ள இந்துக் கல்லூரி ஒன்றில். கிழமை நாட்களில் நகரத்துப் பிள்ளைகளையும், சனி, ஞாயிறுகளில் ஊர்ப் பிள்ளைகளையும் காண்பவன் என்ற வகையில், 'உலகமயமாதல்' என்ற சொல்லுக்கு எங்கள் மண்ணில் என்ன பொருள் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

இந்நாட்டில் இலவசக் கல்வி வானத்திலிருந்து விழுந்ததன்று. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்காக மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. உழவன் பிள்ளை வைத்தியராகலாம் என்ற நம்பிக்கைக்கு அவையே அத்திவாரம்.

அந்த அத்திவாரத்தை எவரும் இடிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே வேறொரு மாடி கட்டப்பட்டது. 1961 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணம் அறவிடும் புதிய தனியார் பாடசாலைகளுக்குத் தடை விதித்திருந்தது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பின்னர், கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சர்வதேசப் பாடசாலைகள் அந்தத் தடைக்கு வெளியே தோன்றின. 1995 இல் உலக வர்த்தக நிறுவனத்தின் சேவைகள் பற்றிய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, வங்கி, போக்குவரத்து என்பவற்றோடு கல்வியும் வர்த்தகத்துக்குரிய சேவைகளின் வரிசையில் இடம்பெற்றது. சர்வதேசப் பாடசாலைக்குப் போகாத பிள்ளைக்கும் சந்தை விட்டபாடில்லை. பாடசாலை இலவசம், பரீட்சையில் தேற வைப்பதாகச் சொல்லும் ரியூசன் வகுப்புக்கோ காசு. ஆக, கல்வி இலவசமாகவே இருக்கிறது. போட்டியில் வெல்வதற்குத்தான் விலை வந்துவிட்டது.

உலகம் எங்களிடம் வந்ததே தீமை என்று சொல்பவன் அல்லன் நான். ஒரு காலத்தில் நகரத்துக்குப் போவதென்றால் துறைகளில் 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். அல்லது மூதூரிலிருந்து லோஞ்ச் ஏற வேண்டும். 2009 இல் சவூதி அரேபிய நிதியுதவியுடன் கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பிள்ளைகளின் பயணத்தை அது இலகுவாக்கியது. அதுவும் உலகத்தின் பணந்தான். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அது வரும்போது யார் வழிவிட வேண்டியிருக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2006 இல் யுத்தத்தினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் அடுத்த ஆண்டில் கிளிவெட்டி உள்ளிட்ட இடங்களில் அமைந்த இடைத்தங்கல் முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். யுத்தம் 2009 இல் முடிந்தும் அவர்களால் திரும்ப முடியவில்லை. 2012 இல் சம்பூரில் 818 ஏக்கர் நிலம் பாரிய கைத்தொழில் வலயத்துக்கென முதலீட்டுக்காக ஒதுக்கப்பட்டது. 2015 இல் அவ்வொதுக்கீடு இரத்துச் செய்யப்பட்ட பின்னரே மக்கள் அந்நிலத்துக்கு மீளத் தொடங்கினர். கடற்படை முகாமாக இருந்த நிலம் விடுபட 2016 ஆயிற்று.

ஏக்கர்க் கணக்கை எல்லோரும் பேசினார்கள். நான் வகுப்புக் கணக்கைச் சொல்கிறேன். 2007 இல் முகாமிலிருந்து முதலாந் தரத்துக்குப் போன பிள்ளை, 2015 இல் ஒன்பதாந் தரத்தில் இருந்தது. அகரம் எழுதப் பழகியது, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியது, எல்லாம் தகரக் கூரையின்கீழே. தன் ஊர் நிலம் முதலீட்டாளருக்காகக் காத்திருந்த காலமும், அந்தப் பிள்ளை மேசையின்றி மடியில் கொப்பியை வைத்து எழுதிய காலமும் ஒன்றே. கொழும்பில் அதே ஆண்டு பிறந்த பிள்ளை எழுதியதும் அதே வினாத்தாள்தான்.

இங்கே சிலர், "பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே" என்பார்கள். உண்மை. பல துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆனால் மாவட்டம் ஒன்று என்பதால் நகரமும் கிளிவெட்டியும் ஒன்றாகிவிடுமா? விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலையும், கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்கும் 1சி பாடசாலையும் ஒரே வெட்டுப்புள்ளிக் கணக்கின்கீழ் வந்துவிடுகின்றன. கொழும்புக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அளக்கக் கருவி இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளே இருப்பதை அளக்க எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு ஊரில் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றவள்.

"சேர், புள்ளைக்கு சயன்ஸ் படிக்கத்தான் ஆச. டவுனுக்கு அனுப்பினா ரூம் வாடக, சாப்பாடு, கிளாஸ் காசு எல்லாம் வேணும். ஆர்ட்ஸ் எண்டா ஊரோட இருந்து படிக்கும். ஆர்ட்ஸ் நல்லந்தானே சேர்?" என்று கேட்டார்.

கலைத்துறை தாழ்ந்ததன்று, நானே கலைப் பட்டதாரி. ஆயினும் விரும்பி எடுப்பது வேறு, வாடகைக் கணக்குப் பார்த்து எடுப்பது வேறு. அந்தத் தாய்க்கு முன்னால் இருந்த வழிகளில் ஒன்று, மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவது. எங்கள் பகுதியில் எத்தனையோ தாய்மார் போயிருக்கிறார்கள். அங்கே பிறர் பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்து, அந்தச் சம்பளத்தில் இங்கே தன் பிள்ளையின் ரியூசன் காசைக் கட்டுகிறார்கள். உலகமயமாதல் என்ற பெரிய சொல்லுக்கு எங்கள் ஊரில் இதுவே அகராதிப் பொருள்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் போயிற்று. வீட்டில் ஒரு போன், பிள்ளைகள் மூவர். ரீலோட் போடக் காசும் வேண்டும். 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தலைநகரம் இருக்கும் மாகாணத்துக்கே அந்தக் கதி. கொப்பி விலை எறியபோது, கிராமத்துப் பிள்ளை எழுதியதை அழித்து அதே தாளில் மீண்டும் எழுதியது.

இவையனைத்திலும் எனக்கு அதிக வருத்தம் தருவது வேறொன்று. பரீட்சை முடிவு வந்ததும் பிள்ளை, "எனக்கு மூளை காணாது சேர்" என்கிறது. வாடகைக்கும் பஸ்ஸுக்கும் இல்லாத பணம், பெறுபேற்றுத் தாளில் மூளைக் குறைவாக மாறிவிடுகிறது. வசதியுள்ள பிள்ளைக்கும் தன் வெற்றியில் எத்தனை பங்கு தன்னுடையது என்பது தெரிவதில்லை.

மொழியின் பெயரால் எழும் தடையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் உலக அறிவெல்லாம் கிடக்கிறது என்கிறோம். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று எந்தத் தமிழாசிரியனும் சொல்லக்கூடாது. எங்கள் கிழக்கு மண்ணின் விபுலாநந்த அடிகள் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் அவரே. தமக்குத் திறந்த கதவைப் பின்னால் வருவோருக்காகவும் அவர் திறந்து வைத்தார். 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பௌதிகமும் இரசாயனமும் தமிழ்ப் பிள்ளையைத் தேடி வர வேண்டும் என்பதற்காகவே சொற்களை ஆக்கும் அந்தப் பணி நடந்தது. இன்று கணினி பற்றியும் மருத்துவம் பற்றியும் ஒரு கிராமத்துப் பிள்ளை தமிழில் விளங்கிக் கற்கக்கூடிய பாடங்களை ஆக்கி, இலவசமாகக் கொடுப்பதே அப்பணியின் தொடர்ச்சி. வெளிநாடுகளில் வாழும் நம்மவர் ஊருக்குச் செய்ய விரும்பும் உதவிகளில் இதற்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. கிராமப் பிள்ளை சைக்கிளில் போய்வரும் தூரத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள ஒரு பாடசாலை, அதற்கு நிலையாக இருக்கும் ஆசிரியர், தூரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. ஆசிரியர்களாகிய நாமும், மாலையில் ஊர் வாசிகசாலையின் கதவைத் திறந்து ஒரு மணித்தியாலம் இருக்கலாம். பாண்டியன் சொன்ன வழிகளில், பொருளில்லாதவனுக்குரிய வழி அங்கேயாவது திறந்திருக்கட்டும்.

அந்தத் தாயின் மகள் இப்போது ஊரிலே கலைப்பிரிவில் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். அவளுடைய தங்கை எட்டாந் தரத்தில் இருக்கிறாள். அவளுக்கும் விஞ்ஞானந்தான் விருப்பமாம். அவள் சாதாரண தரம் எழுத இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் நாம் என்ன செய்யப்போகிறோம்?