பெரும்பாட்டைப் பொறுத்துக்கொண்டு வேலைக்கு வரவேண்டாம்
(மாங்கேணியில் நடந்த பெண் அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி எத்தனையோ கூட்டம் வைத்திருக்கிறோம். இன்று கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். வைத்தியர்கள் இதை ஃபைப்ரொயிட் என்பார்கள். ஆண் தோழர்களும் இருந்து கேளுங்கள்.

இது அரிய நோய் இல்லை. அமெரிக்காவில் 35 முதல் 49 வயதுப் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. 50 வயதாவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 வீதமானோருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இந்தக் கட்டி வருமென்று அது கணித்தது. பலருக்கு ஒரு தொந்தரவும் இராது. இது புற்றுநோயாக இருப்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

யாருக்குக் கூடுதலாக வரும்? முப்பது, நாற்பது வயதுகளில் இருப்பவர்களுக்கு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தவர்களுக்கு. சிறுவயதிலேயே பெரியபிள்ளை ஆனவர்களுக்கு. உடல் எடையும் இரத்த அழுத்தமும் கூடியவர்களுக்கு. பிள்ளை பெற்றவர்களுக்குக் குறைவு. செய்வினையாலோ, செய்த பாவத்தாலோ வருவதில்லை. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆபத்து எங்கே என்றால், இரத்தப்போக்கில்தான். ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கொரு தடவை துணி மாற்றவேண்டி வந்தால், கட்டிகட்டியாகப் பட்டால், அது "பொம்பிளைக்கு வழமைதானே" என்று விடக்கூடியதல்ல. இரத்தம் குறைந்து, களைத்து, வெயிலில் தலைசுற்றி விழுவோம். மேற்பார்வையாளர் அதைச் சோம்பல் என்பார். மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். 1996 முதல் நாட்டில் நடக்கிறது, காசில்லை. ஸ்கேனுக்கும் மேற்சிகிச்சைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதில்லை. போக்கைக் குறைக்கும் மாத்திரை உண்டு, கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. வேறு வழி இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்பது உங்கள் உரிமை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. தேசிக்காய்த் தண்ணி நல்லது.

இனிச் சங்கத்தின் வேலை. கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. வேலைத்தளத்தில் தண்ணீரோடு, கதவு பூட்டக்கூடிய மலசலகூடம் வேண்டும். இந்த இரண்டையும் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து வைப்போம். கையுயர்த்துங்கள், தோழியரே.